கிரிப்டோ லாபமும் வீட்டுக் கடனும்: விற்று அடைப்பதா, வைத்திருப்பதா, நடுவழி தேடுவதா?

கைப்பேசித் திரையில் ஓர் எண். வங்கி அனுப்பும் கடன் அறிக்கையில் இன்னோர் எண். முதலாவது காலையில் ஒன்று சொல்லும், மாலையில் வேறொன்று சொல்லும். இரண்டாவது மாதத்துக்கு ஒரு முறைதான் அசையும். அதுவும் தவணையில் பெரும்பங்கை வட்டி விழுங்கிய பிறகு மிஞ்சும் சொற்பத் தொகை அளவுக்கு மட்டும். கிரிப்டோவில் நல்ல லாபம் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் வீட்டுக் கடனையும் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்த இரண்டையும் மனத்துக்குள் கழித்துப் பார்த்திருப்பார். நானும் பல இரவுகள் கழித்துப் பார்த்தவன்தான்.

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், கடனில் கால்வாசியை அடைக்கும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது தம்பி?"

"பிட்காயினாக இருக்கிறது அக்கா."

"நான் பணம் எங்கே என்று கேட்டேன்."

அக்காவுக்குக் கிரிப்டோ பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பலரும் இடறி விழும் இடத்தில் சரியாகக் கை வைத்துவிட்டார். திரையில் தெரிவது விலை மட்டுமே. வரி போக, கட்டணம் போக வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகைதான் கடனை அடைக்கும். ஆகவே ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணக்குக்காக ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை. பாக்கி 40 லட்சம், ஆண்டு வட்டி 8 சதவீதம், மீதிக் காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 33,458. கையில் உள்ள கிரிப்டோ நாணயத்தை வாங்கியது 2 லட்சத்துக்கு, இன்றைய விலை 14 லட்சம். லாபமான 12 லட்சத்துக்கு 30 சதவீத வரி என்றால் 3.6 லட்சம் போய் 10.4 லட்சம் நிற்கும். கட்டணங்களுக்கும் சில்லறைச் செலவுகளுக்கும் ஒதுக்கியது போக, கடனுக்குக் கொடுக்கக் கூடியது 10 லட்சம். திரையில் தெரிந்த 14 லட்சத்தை மறந்துவிடலாம்.

30 சதவீதம் என்பது உதாரணத்துக்குத்தான். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் உண்மையிலேயே அதுதான் விகிதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. நாணயத்தை ஒரு நாள் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகள் வைத்திருந்தாலும் மாற்றமில்லை. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. அமெரிக்காவின் வரித்துறை 2014-இலிருந்தே கிரிப்டோவைச் சொத்தாகக் கருதுகிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் குறைந்த விகிதம். ஜெர்மனியில் தனிநபர் ஓராண்டு கடந்து விற்றால் வரியே கிடையாது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி என்ற ஒன்றே இல்லை. ஆக, பதினோரு மாதமாக நாணயத்தை வைத்திருக்கும் ஜெர்மன்வாசிக்கு 'இன்னும் ஒரு மாதம் பொறு' என்பது நல்ல அறிவுரை. இந்தியாவில் இருப்பவருக்கு அதே அறிவுரையால் வரியில் ஒரு காசுகூட மிச்சமாகாது. ஊர் விதி தெரியாமல் யாரோ எங்கிருந்தோ சொன்ன யோசனையை அப்படியே பின்பற்றுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

வரியில் இன்னொரு கண்ணி உண்டு: காலம். விற்பது ஒரு மாதத்தில் நடக்கிறது, வரி கட்டும் நாள் பல மாதம் கழித்து வருகிறது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருப்பது முழுவதும் நம்முடையது போலத் தோன்றும். 2017-இல் ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாணயத்தை வாங்கி வாங்கி லாபம் பார்த்தவர்கள் பலர், மாற்றிய ஒவ்வொரு முறையும் வரி சேர்ந்துகொண்டே வந்ததைக் கவனிக்கவில்லை. 2018-இல் வரி கட்டும் வேளை வந்தபோது நாணயங்களின் விலை பாதாளத்தில் கிடந்தது. வரியோ பழைய உச்சத்தின் கணக்கில் நின்றது. வீட்டுக் கடன் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. வரிக்கான பணத்தையும் சேர்த்து வங்கியில் கட்டிவிட்டால் அதைத் திரும்பக் கேட்க முடியாது. எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும், விற்ற அன்றே வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். இதில் மட்டும் நான் மாற்றுக் கருத்துக்கு இடம் வைக்கவில்லை.

விற்று அடைப்பது

10 லட்சத்தைக் கொண்டுபோய்க் கடனில் போட்டால் என்ன ஆகும்? அதற்கு இரண்டு விடைகள் உண்டு. எது நமக்கு வேண்டும் என்று நாம்தான் வங்கியிடம் சொல்ல வேண்டும்.

தவணையை மாற்றாமல் 33,458-ஐயே தொடர்ந்து கட்டினால், 240 மாதக் கடன் ஏறத்தாழ 137 மாதங்களில் முடிந்துவிடும். எட்டரை ஆண்டுகளுக்கும் மேல் மிச்சம். மொத்த வட்டி 40.3 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 15.9 லட்சத்துக்கு இறங்கும். மாறாக, காலத்தை 20 ஆண்டுகளாகவே விட்டுவிட்டுத் தவணையைக் குறைத்தால், மாதம் 25,093 கட்டினால் போதும். ஆனால் வட்டியில் மிச்சமாவது 10 லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

24 லட்சத்துக்கும் அதிகமான மிச்சம், 10 லட்சம் மிச்சம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் முதலாவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். முன்கூட்டி அடைக்கச் சொல்லும் விளம்பரக் கணக்குகள் எல்லாம் இந்த 24 லட்சத்தில்தான் நின்று ஆடும். உண்மையில் இரண்டு வழியிலும் நமக்குக் கிடைப்பது அதே 8 சதவீதம்தான். தவணையைக் குறைத்துக்கொண்டவர் கையில் மாதாமாதம் 8,364 மிஞ்சுகிறது. அவர் அதை 8 சதவீதம் தரும் வேறிடத்தில் போட்டுவந்தால் இருவரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள். வித்தியாசம் அந்த 8,364 என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும். என்னை நான் அறிவேன். எனக்குக் காலத்தைக் குறைப்பதே சரி. ஆனால் நிலையில்லாத வருமானம் உள்ளவருக்கு, தொழில் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு, தவணை இறங்குவது தரும் மூச்சு பெரிது. வேலை போன மாதத்தில் 33,458-க்கும் 25,093-க்கும் உள்ள தூரம் எந்த வட்டிக் கணக்கிலும் தெரியாது.

கடனின் வட்டி விகிதம்தான் இந்த வழிக்கு உயிர். அமெரிக்காவில் முப்பது ஆண்டு நிலைவட்டி வீட்டுக் கடனின் சராசரி விகிதம் 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்தது. 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டை மூன்றாண்டு இடைவெளியில் வாங்கிய இருவரில் ஒருவருக்கு முன்கூட்டி அடைப்பது அர்த்தமற்றது, இன்னொருவருக்கு நல்ல முதலீடு. 2.65 சதவீதத்தில் கடன் வைத்திருப்பவர் கிரிப்டோவை விற்கலாம். விற்ற பணத்தைக் கடனில் போட வேண்டியதில்லை. சாதாரண வைப்பு நிதியே அதைவிட அதிகம் கொடுத்த காலம் இருந்தது. இந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். நாணயத்தை விற்பதா என்பது ஒரு கேள்வி, விற்ற பணத்தை எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி.

வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை கிடைக்கும் இடங்களில் உண்மையான வட்டி இன்னும் குறைவு. முழு வட்டிக்கும் 30 சதவீதச் சலுகை கிடைத்தால் 8 என்பது 5.6 ஆகிவிடுகிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் கடன் ஒப்பந்தத்தில் பார்த்துவிட வேண்டும். மாறுபடும் வட்டிக் கடன்களில் பொதுவாகத் தொல்லை குறைவு. நிலைவட்டிக் கடன்களில் ஆண்டுக்கு இவ்வளவுதான் கூடுதலாகக் கட்டலாம் என்ற வரம்பு பல நாடுகளில் உண்டு.

விற்காமல் வைத்திருப்பது

இதற்கு ஆதரவாகப் பேசுபவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்து வைக்கிறேன். அதே உதாரணத்தில், 14 லட்சம் மதிப்புள்ள நாணயத்தை ஐந்து ஆண்டுகள் விற்காமல் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணங்களை விட்டுவிட்டு, வரி போக மிஞ்சும் 10.4 லட்சத்தையும் கடனில் போட்டிருந்தால் 8 சதவீத வட்டி மிச்சத்தோடு அது ஏறத்தாழ 15.5 லட்சத்துக்குச் சமமாகியிருக்கும். நாணயத்தை அப்போது விற்று 30 சதவீத வரி கட்டிய பிறகும் அதே 15.5 லட்சம் கையில் நிற்க வேண்டுமானால், விலை 21.3 லட்சத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரி 8.7 சதவீத ஏற்றம். பிட்காயினின் பழைய வேகத்தைப் பார்த்தவருக்கு இது ஒரு தடையாகவே தெரியாது. 'இதைக்கூடவா தாண்டாது?' என்பார்.

தாண்டலாம். சராசரி என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் சரி. 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின் ஓராண்டில் 3,200-ஐ ஒட்டி வந்தது. 2021 நவம்பரில் 69,000 வரை போய், அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே இறங்கியது. இந்த இரண்டாவது சரிவில் நம் உதாரணத்தின் 14 லட்சம் 3.2 லட்சமாகியிருக்கும். பழைய இடத்துக்குத் திரும்ப நான்கு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். பிட்காயின் திரும்பவும் ஏறியது, 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரையும் தாண்டியது என்பது உண்மை. 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் ஒன்றுமில்லாமல் போன லூனா என்ற நாணயம் ஏறவில்லை என்பதும் உண்மை. 'கிரிப்டோ எப்போதும் திரும்ப ஏறும்' என்று சொல்பவர்கள் ஏறியவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

கடன் வைத்துக்கொண்டு நாணயத்தை விற்காமல் இருப்பது என்பது, வீட்டின் மேல் கடன் வாங்கி அந்த நாணயத்தை வைத்திருப்பதுதான். இதை இப்படி வெளிப்படையாகச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. "நான் வீடு வாங்கத்தானே கடன் வாங்கினேன்?" என்பார்கள். பணத்துக்கு ஞாபகம் கிடையாது. இன்று கையில் நாணயமே இல்லை, 10.4 லட்சம் ரொக்கம்தான் இருக்கிறது, கடனும் அப்படியே இருக்கிறது என்றால், அந்த ரொக்கத்தைக் கடனுக்குக் கொடுக்காமல் நாணயம் வாங்குவீர்களா? 'கொஞ்சம் வாங்குவேன்' என்று பலர் சொல்வார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதே விற்காமல் வைத்திருக்க வேண்டிய அளவு.

அடகு வைப்பது

விற்றால் வரி, வைத்திருந்தால் கடன். அப்படியானால் நாணயத்தை அடகு வைத்துப் பணம் வாங்கிக் கடனை அடைத்தால் என்ன? கடன் வாங்குவது விற்பனை அல்ல, வரியும் இல்லை. கேட்கக் கேட்க இனிக்கும் யோசனை. எனக்கும் 2021-இல் இனித்தது.

இயங்கும் விதத்தைப் பார்ப்போம். 14 லட்சம் நாணயத்தின் மேல் பாதி, அதாவது 7 லட்சம் கடன் தருகிறார்கள். விலை இறங்கி, கடன் நாணயத்தின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தொட்டால் அவர்களே விற்றுக்கொள்வார்கள் என்பது நிபந்தனை என்று கொள்வோம். அதற்கு விலை 37.5 சதவீதம் இறங்கினால் போதும். 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. கூடுதல் ஈடு கேட்டுச் செய்தி வரும்போது நாம் தூக்கத்தில் இருந்தால், கண் விழிக்கும்போது நாணயம் இல்லை. அவர்கள் விற்றதும் பெரும்பாலான நாடுகளில் நம் விற்பனையே. தவிர்க்க நினைத்த வரி அடிமட்ட விலையில் வந்து சேரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அடகுக் கடையே மூடிப்போவது. கிரிப்டோவை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்துவந்த செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூன் மாதம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது, ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அதே தொழில் செய்த பிளாக்ஃபை அதே ஆண்டு நவம்பரில், எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தைத் தளம் விழுந்த சில நாட்களில் விழுந்தது. நாணயத்தை அடகாகக் கொடுத்தவர்கள் தாங்கள் உரிமையாளர்கள் என்று நினைத்திருந்தார்கள். திவால் நீதிமன்றத்தின் வாசலில், கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பவர்களின் வரிசையில் நின்றார்கள். வீட்டுக் கடனைக் கொடுத்த வங்கி விலை இறங்கியது என்று நடு இரவில் வீட்டை விற்றுவிடுவதில்லை. மென்மையான கடனை அடைக்க முரட்டுக் கடன் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நாணயத்தை ஸ்டேபிள்காயினாக, அதாவது டாலர் போன்ற பணத்துக்குச் சமமாக மதிப்பு நிற்கும் என்று சொல்லப்படும் நாணயமாக மாற்றி வைத்து, அதில் வரும் வட்டியில் தவணை கட்டலாம் என்பார்கள். மாற்றும்போதே பல நாடுகளில் வரி விழுந்துவிடுகிறது. டாலருக்குச் சமம் என்று சொல்லப்பட்ட டெரா யுஎஸ்டி, லூனாவோடு சேர்ந்தே சரிந்தது என்பதும் ஊரறிந்தது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக விற்பது

நான் தேர்ந்தது இது. சரியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

2021 பிப்ரவரி நடுவில், 48,000 டாலரை ஒட்டி விலை இருந்தபோது பாதியை விற்றேன். ஏப்ரலில் விலை 60,000-ஐத் தாண்டியது. அந்த இரண்டு மாதங்களும் வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடனில் ஒரு பெரிய பகுதி குறைந்திருந்தது. அதை நினைக்கவே தோன்றவில்லை. விட்டுப்போன 12,000 டாலர்தான் கண்ணுக்குள் நின்றது. ஏமாந்துவிட்டோம் என்ற அந்த எரிச்சலில் மீதிப் பாதிக்கு ஒரு திட்டம் போட்டேன். கடன் கோப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டில் நீல மையால் எழுதி வைத்தேன்: '80,000 வந்தால் விற்க வேண்டும்.'

நவம்பரில் 69,000 வரை போனது. இன்னும் 11,000தான் என்று காத்திருந்தேன். பிறகு நடந்தது தெரிந்ததே. 2022 முழுவதும் அந்தச் சீட்டு கோப்புக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு முறை வட்டிச் சான்றிதழை எடுக்கும்போதும் அது முதலில் கையில் வரும். மாறுபடும் வட்டி என்பதால் அந்த ஆண்டில் என் கடனின் வட்டியும் ஏறியது. நாணயம் இறங்கும்போதே கடன் ஏறும் என்பதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை. மலிவுப் பணம் வற்றும்போது இரண்டுமே ஒரே காரணத்தால் நடக்கின்றன. வட்டி உயர்வு கடன்காரனை ஒரு கையால் நெருக்கிக்கொண்டே, அவன் நம்பியிருந்த சேமிப்பை இன்னொரு கையால் கரைக்கிறது.

80,000 வந்தது. 2024 நவம்பரில், மூன்று ஆண்டுகள் கழித்து. சீட்டில் எழுதியபடி விற்றேன். அன்று இரவு, பொறுமை வென்றது என்ற நிறைவோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2021 நவம்பர் தொடக்கத்தில் விலை 63,000-ஐ ஒட்டி இருந்தபோதே விற்றுக் கடனில் போட்டிருந்தால்? 8 சதவீத வட்டி மிச்சத்தோடு மூன்று ஆண்டுகளில் அந்த 63,000 சரியாக 80,000-க்குச் சமமாகியிருக்கும். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்று ஆண்டுத் தூக்கமின்மைக்குக் கிடைத்த கூலி பூஜ்யம்.

இதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது ஒன்றே. விலையைக் குறிவைத்து விற்பதைவிட நாளைக் குறிவைத்து விற்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குறிப்பிட்ட தேதியில், விலை என்னவாக இருந்தாலும் ஒரு பங்கு. உச்சியில் விற்கும் பாக்கியம் இதில் கிடைக்காது. ஆனால் தேதி தவறாமல் வரும். வரி ஆண்டுகள் இரண்டில் விற்பனை பிரிந்து விழுவதால், வருமானத்துக்கு ஏற்ப வரி விகிதம் ஏறும் நாடுகளில் மிச்சமும் உண்டு. விலைதான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், 'கடனில் பாதியை அடைக்கும் அளவுக்கு வந்தால் விற்பேன்' என்று கடனை வைத்துக் குறி எழுதலாம். என் 80,000-க்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. அழகான எண், அவ்வளவே.

விற்ற பணத்தை உடனே கடனில் கரைக்க மனம் வராதவர்களுக்குச் சில வங்கிகளில் ஒரு வசதி உண்டு: வீட்டுக் கடனோடு இணைந்த கணக்கு. அதில் 10 லட்சம் கிடக்கும் நாள்வரை, 40 லட்சக் கடனுக்கு 30 லட்சத்துக்கு மட்டுமே வட்டி போடுவார்கள். அவசரம் என்றால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய கடனுக்கு வட்டி சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. ஆனால் கிரிப்டோவிலிருந்து வரும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்க்கவில்லை. வரி கட்டும் நாள்வரை வரிப் பணமும் அங்கேயே இருந்து வட்டியைக் குறைக்கும். ஒரே ஆபத்து நம்மிடமிருந்துதான்: விலை ஏறும் ஓர் இரவில் அதை எடுத்து மறுபடி நாணயம் வாங்கத் தோன்றும். அந்தச் சபலம் உள்ளவர்கள் கடனிலேயே கட்டிவிடுவது உத்தமம். சுவருக்குள் போன பணத்தை எடுத்துச் சூதாட முடியாது.

சுவருக்குள் போனதை மருத்துவச் செலவுக்கும் எடுக்க முடியாது என்பதால், ஆறு மாதச் செலவுக்கான ரொக்கம் இல்லாத வீட்டில் முதல் பணம் அங்கேதான் போக வேண்டும். கடன் அட்டைப் பாக்கி இருந்தால் அது வீட்டுக் கடனுக்கு முன்னால் வரும். அதன் வட்டிக்கு முன் 8 சதவீதம் ஒன்றுமேயில்லை.

வங்கி வாசலில்

கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் பணத்தை வங்கியில் சேர்ப்பது ஒரு வேலை. முதல் முறை விற்றபோது மொத்தத் தொகையும் ஒரே நாளில் என் கணக்குக்கு வந்தது. மறுநாள் வங்கியிலிருந்து தொலைபேசி. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். ஆவணம் கேட்டார்கள். சந்தைத் தளத்திலிருந்து விற்பனை அறிக்கையை இறக்கிக் கொடுத்தேன். போதவில்லை, அந்த நாணயத்தை எப்போது, எந்தப் பணத்தில் வாங்கினேன் என்பதற்கும் சான்று வேண்டுமாம். நான் முதலில் வாங்கிய தளம் அதற்குள் மூடப்பட்டிருந்தது. பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, எனது வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன வரியையும், வாலட்டுக்கு, அதாவது நாணயத்தை வைத்திருக்கும் மின்னணுப் பைக்கு, நாணயம் வந்த பதிவையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒட்டி ஒரு பக்கம் தயாரித்தேன். பதினொரு நாட்கள் கணக்கு முடங்கிக் கிடந்தது. தவணை நாள் அதற்கிடையில் வந்து போனது. தாமதக் கட்டணமும் கட்டினேன்.

அதனால், விற்க நினைப்பவர்கள் விற்பதற்கு முன்பே இந்தக் காகிதங்களைச் சேர்த்துவிடுவது நல்லது: வாங்கிய நாள், விலை, பணம் போன கணக்கு, தளங்களுக்கிடையே மாற்றிய பதிவு. வரிக்கும் இவையேதான் வேண்டும். வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால், வந்த தொகை முழுவதையும் லாபம் என்று வரித்துறை எடுத்துக்கொள்ளக் கூடும். தளத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும், வாலட்டிலிருந்து அனுப்புவதாக இருந்தால் முதலில் சிறு தொகையை அனுப்பி அது போய்ச் சேர்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தவறான முகவரிக்குப் போன நாணயத்தைத் திருப்பித் தர எந்த மேலாளரும் கிடையாது.

பணம் கடனில் சேர்ந்த பிறகு நான் செய்த தவறு வேறு. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது தவணை குறைந்திருந்தது. கடன் முடியும் நாள் மட்டும் பழையபடியே இருந்தது. நான் எதுவும் சொல்லாததால் வங்கி தானாகவே தவணையைக் குறைத்துவிட்டிருந்தது. காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் வந்தது. மறுபடி எழுதினேன். கடைசியில் புதிய தவணை அட்டவணை வந்தது.

அதை அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுப் பக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்த தேதியை மட்டும் படித்தார். பிறகு தன் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"இது பணம்" என்றார்.